பசளை "தட்டுப்பாடா", "பற்றாக்குறையா", "துண்டு விழுகிறதா"? கடிதம் எழுத உதவி தேவை

வெல்லாவெளிக்காரன்

எங்கள் கமக்காரர் அமைப்பின் செயலாளர் வேலையை இந்தப் போகம் என் தலையில் கட்டிவிட்டார்கள். முதல் வேலையாகப் பசளை பற்றி, அதாவது பண்டி உரம் என்று நாங்கள் சொல்லும் எம்.ஓ.பி. என்ற பொட்டாசியம் உரம் பற்றி, மேலிடத்துக்கு ஒரு கடிதம். "எம்.ஓ.பி. தட்டுப்பாடு நிலவுவதால்" என்று தொடங்கினேன். தலைவர் அதை வெட்டி, "பற்றாக்குறை" என்று போடச் சொன்னார். பொருளாளர் பழைய ஆள். "துண்டு விழுது எண்டு எழுது மனே, அப்பதான் கணக்கு விளங்கும்" என்றார். மூன்றும் ஒன்றுதானே என்று நான் கேட்டதுதான் தாமதம், தேத்தண்ணி ஆறும் வரைக்கும் வாக்குவாதம். கடிதம் அந்த முதல் வரியிலேயே நிற்கிறது.

நிலைமை இதுதான். பண்டி உரம் கடைகளில் இருக்கிறது, காசு கொடுத்தால் வாங்கலாம். பங்கீட்டில் எங்களுக்கு வந்தது மட்டும் விதைத்த ஏக்கருக்குக் காணாது. கடைசி மேற்கட்டோடு (மேலுரத்தோடு) போட வேண்டிய பசளை இது. பயிர் கதிரை உள்ளே வைத்துக் குடலைக்கு வந்த பிறகு பசளை வந்து என்ன பயன்? எந்தச் சொல் சரி என்று தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

களுதாவளை ரீச்சர்

தம்பி, நீங்களே விடையை எழுதிவிட்டீர்கள். கடையில் இருக்கிறது என்றால் அது தட்டுப்பாடு இல்லை. தட்டுப்பாடு என்றால் காசை வைத்துக்கொண்டு அலைந்தாலும் சாமான் கிடைக்காத நிலை. 2022இல் மண்ணெண்ணெய்க்குக் கானோடு நின்றோமே, அது. உங்களுக்கு வந்தது, ஆனால் குறைய வந்தது. அதற்குப் பற்றாக்குறைதான் பொருத்தம்.

உயர்தர வகுப்பில் பொருளியல் படிப்பிக்கும்போது இந்த இரண்டையும் பிரித்துக்காட்ட நான் படும் பாடு கொஞ்சமல்ல. கேள்வி, நிரம்பல் (தேவை, வழங்கல்) வரைபைக் கீறி, சந்தை விலைக்குக் கீழே ஒரு கோட்டை இழுத்து, இதுதான் உச்ச விலை, இந்த விலைக்கு வாங்க வருபவர்கள் கூட, விற்க வருபவர்கள் குறைவு என்று காட்டினால் பிள்ளைகள் தலையாட்டுவார்கள். அந்த இடைவெளிக்கு என்ன பெயர் என்று கேட்டால் பாதி வகுப்பு "பஞ்சம், மிஸ்" என்கிறது.

2024 டிசம்பரில் அரிசிக்கு உச்ச விலை போட்டார்கள். கீரிச்சம்பா கிலோ 260 ரூபாய். அந்த விலைக்குக் கேட்டுப் போனால் "இல்ல ரீச்சர், முடிஞ்சு" என்ற பதில்தான் வந்தது. நாட்டில் அரிசி இல்லாமல் போகவில்லை, அந்த விலைக்கு அந்த அரிசி வெளியே வரவில்லை. இதைத்தான் தட்டுப்பாடு என்பது.

அடையாறு ஆனந்தி

கல்யாணம் ஆகி மட்டக்களப்புக் கல்லடிக்கு வந்த சென்னைப் பெண் நான். தலைப்புக்குக் கொஞ்சம் வெளியே போகிறேன், மன்னிக்கவும். "காணாது" என்ற சொல்லை இங்கே யாரும் எடுத்துப் பேசவில்லையே? வந்த புதிதில் மாமி அடுப்படியிலிருந்து "சோறு காணாது போல" என்றார். நான் சோற்றுப் பானையைத் தேட ஆரம்பித்தேன். எங்கள் ஊரில் காணவில்லை என்றால் தொலைந்துவிட்டது என்று பொருள். இங்கே காணாது என்றால் போதாது, காணும் என்றால் போதும் என்பது பிறகுதான் விளங்கியது. அப்புறம் பந்தியில் ஒருவர் "காணும் காணும்" என்று கையை மறிக்கிறார், எதைக் கண்டுவிட்டார் என்று நான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

துண்டும் அப்படியே. எங்களுக்குத் துண்டு என்றால் தோளில் போடுவது. நீங்கள் அதைத் துவாய் என்கிறீர்கள், சம்பளச் சிட்டையைத் துண்டு என்கிறீர்கள். பட்ஜெட்டில் துண்டு விழுகிறது என்பது மட்டும் இரண்டு கரைக்கும் பொது.

சம்மாந்துறை நானா

ஆனந்தி தங்கச்சி சரியான இடத்தில் கை வைத்தார். நாங்கள் வாயால் பேசும்போது தட்டுப்பாடும் இல்லை, பற்றாக்குறையும் இல்லை. "காணா", அவ்வளவுதான். தண்ணி காணா, ஆள் காணா, பசளை காணா. உம்மா நோன்புக் கஞ்சி பங்கு போடும்போது சட்டியை எட்டிப் பார்த்து "காணுமா மகன்?" என்பார். மற்ற இரண்டு சொல்லும் பேனையைக் கையில் எடுத்தால் மட்டும் வருகிறவை.

எனக்கு வேறொரு சந்தேகம். ரீச்சர் சொல்கிற பிரிவு சரி. ஆனால் "தட்டுப்பாடு நிலவுகிறது" என்று எழுதினால் மழை பெய்யாதது மாதிரி அல்லவா கேட்கிறது? யாரும் ஒன்றும் செய்யவில்லை, தானாக வந்து நிலவுகிறது. 2021 மே மாதம் இரசாயனப் பசளை இறக்குமதியைத் தடை செய்தார்கள். நவம்பரில் அதை எடுத்தார்கள். அந்தப் பெரும்போகம் எங்கள் வயல் வட்டையில் பயிர் மஞ்சளித்து, எட்டி நின்று பார்த்தாலே தெரியும். கதிரை உருவிக் கையில் தேய்த்தால் பாதி மணி பிடிக்காத சப்பி. அப்போது எல்லாரும் "பசளைத் தட்டுப்பாடு" என்றே எழுதினார்கள். கப்பல் வராததால் வந்த தட்டுப்பாடா அது? வரக்கூடாது என்று கையெழுத்துப் போட்டு வந்தது. அதற்குத் தடை என்றுதான் பெயர். தட்டுப்பாடு என்று எழுதினால் கையெழுத்துப் போட்டவர் மறைந்துவிடுகிறார்.

ஓய்வூதியர் 58

நானா சொல்வதற்கு ஒரு பழைய சாட்சி. எழுபதுகளில் கூப்பன் அரிசி, பாண் வாங்க விடியற்புறம் வரிசை, மரவள்ளிக் கிழங்குச் சாப்பாடு எல்லாம் பார்த்தவன் நான். அந்தக் காலம் ஒரு மாவட்டத்திலிருந்து இன்னொரு மாவட்டத்துக்கு நினைத்தபடி அரிசி கொண்டுபோக முடியாது, வழியில் மறித்துச் சோதிப்பார்கள். இங்கே பெரிய காணிக்காரரான போடிமார் வீட்டு நெற்பட்டறையில் நெல் கிடக்கும். கொழும்பில் வேலை செய்யும் மகனுக்கு ஒரு பை அரிசி அனுப்ப வழி இருக்காது. ஊர் முழுக்க அதையும் "அரிசித் தட்டுப்பாடு" என்றே சொன்னது.

சரி, கடிதத்துக்கு வருவோம். அலுவலக நடைமுறையில் துண்டு விழுதல் காசுக்கு வரும் சொல். வரவு செலவுத் திட்டத்தில் "துண்டு விழும் தொகை" என்று ஒவ்வொரு வருடமும் பத்திரிகையில் படிக்கிறோமே, அது. எதிர்பார்க்கும் வருமானம் இவ்வளவு, செலவு இவ்வளவு, இடையில் விழுவது இவ்வளவு, அதை எந்தக் கடனால் மூடப்போகிறோம் என்பது வரைக்கும் அந்தச் சொல்லுக்குள் இருக்கிறது. ஒதுக்கிய பணம் வருட நடுவில் முடிந்தால் கேட்பது குறைநிரப்பு மதிப்பீடு. பசளைக் கடிதத்தில் துண்டு விழுகிறது என்று எழுதினால் வாசிக்கிறவர் காசு கேட்கிறீர்கள் என்று நினைத்துக் கணக்குக் கிளைக்கு அனுப்பிவிடுவார். கோப்பு அங்கே போனால் திரும்பி வர அறுவடை முடிந்துவிடும்.

மருதமுனைத் தறி

காசுக்கு மட்டும் என்று யார் சொன்னது சேர்? துணிக்கும் சொல்வோம். தறியில் ஒரு பாவுக்கு (நீள இழைக்கு) இத்தனை சாரன் (லுங்கி) என்று கணக்குப் பண்ணி இழை ஓட்டுவோம். கடைசிச் சாரன் நெய்து வரும்போது பாவு முடிந்துவிட்டால் ஒரு சாண், இரண்டு சாண் துண்டு விழும். கரை, உடல் எல்லாம் சரியாக இருக்கும், நீளம் மட்டும் இராது. சாரன் என்று விற்க முடியாது. மூட்டித் தைத்தால் இடுப்பில் சுற்ற வராது. வெட்டுத் துண்டு விலைக்குத்தான் தள்ள வேண்டும். தையல்கடையிலும் பாருங்கள், கொடுத்த துணியை விரித்துக் கை வெட்டும் இடத்துக்கு வந்ததும் "ஒரு கை துண்டு விழுதே தம்பி" என்பார் தையல்காரர்.

என் கணிப்பில் துண்டு விழுதல் என்றால் முழுசாக நிற்க வேண்டிய ஒன்று கடைசி இடத்தில் நிற்காமல் போவது. அந்தக் கடைசி அளவை விரல் வைத்துக் காட்டலாம். தட்டுப்பாட்டை அப்படிக் காட்ட ஏலாது.

களுதாவளை ரீச்சர்

மருதமுனைத் தம்பி, இந்தச் சாரனை அடுத்த கிழமை வகுப்புக்குக் கொண்டுபோகப் போகிறேன், சொல்லிவிட்டேன். பாடநூலில் வரவுசெலவுத் திட்டப் பற்றாக்குறை என்று இருக்கும், பேப்பரில் துண்டு விழும் தொகை என்று வரும். இரண்டும் ஒன்றா என்று பிள்ளைகள் கேட்பார்கள். அரசாங்கக் கணக்கைப் பொறுத்தவரை ஒன்றுதான்.

வண்ணக்கர் பேரன்

கோயில் கணக்கிலும் துண்டு விழும். எங்கள் பக்கம் கோயில் கணக்குக்குப் பொறுப்பான வண்ணக்கர் எழுந்து கணக்கறிக்கை வாசிக்கும்போது சபையே நிமிர்ந்து உட்காரும் இடம் அதுதான். திருவிழாச் செலவு இவ்வளவு, குடிகளிடமிருந்து சேர்ந்தது இவ்வளவு, "துண்டு விழுந்தது" என்று ஒரு தொகையைச் சொல்லிவிட்டு மூக்குக்கண்ணாடிக்கு மேலால் கூட்டத்தைப் பார்ப்பார். யாராவது "அது என்ர பொறுப்பு" என்று எழும்பும் வரைக்கும் அடுத்த வரியை வாசிக்கமாட்டார். "பற்றாக்குறை ஏற்பட்டது" என்று அவர் வாசித்திருந்தால் ஒருவரும் எழும்பியிருக்கமாட்டார்கள் என்று நினைக்கிறேன்.

ஒரு பக்கத் தகவல்: வண்ணக்கன் என்றால் பழந்தமிழில் நாணயத்தை உரசிப் பார்த்து நல்லதா கள்ளதா என்று சொல்பவன். சங்கப் புலவர்களின் பெயர்களிலேயே அந்தச் சொல் உண்டு. காசு பார்த்தவரின் பெயர் கோயில் கணக்குக்குப் பொறுப்பானவருக்கு இங்கே இன்றும் இருக்கிறது.

கிளினிக் அக்கா

நான் குடும்பநல உத்தியோகத்தர். எங்களிடம் வரும் இன்னொரு சொல்லையும் இதற்குள் கலந்துவிடுகிறார்கள்: குறைபாடு. இரும்புச்சத்துக் குறைபாடு, விற்றமின் ஏ குறைபாடு, அயடீன் குறைபாடு. இவை உடம்புக்குள் இருப்பவை. கிளினிக்குக்குத் திரிபோஷா சத்துமா வராவிட்டால் அது குறைபாடு இல்லை, தட்டுப்பாடு. பத்துத் தாய்மாருக்குத் தேவை, ஆறு பேருக்குத்தான் வந்தது என்றால் பற்றாக்குறை. அப்படியே பல மாதம் போனால் பிள்ளையின் நிறை அட்டையில் கோடு கீழே வளையும், அப்போது குறைபாடு என்று எழுதுவோம். ஆக, வெளியே நடக்கும் ஒன்று பிள்ளையின் உடம்புக்குள் போய்ச் சேர்ந்த பிறகுதான் குறைபாடு ஆகிறது.

போன கிழமை ஒரு அறிவித்தலில் "மருந்துக் குறைபாடு காரணமாக" என்று இருந்தது. மருந்தில் ஏதோ பழுது என்று நினைத்து ஒரு அம்மா பயந்துபோனார். பழுது, ஊனம் என்ற பொருளும் அந்தச் சொல்லுக்கு உண்டு என்பதை எழுதினவர் யோசிக்கவில்லை.

சம்மாந்துறை நானா

அக்கா சொன்னது நல்ல பிரிப்பு. ஆனால் பற்றாக்குறையையும் நான் முழுசாக நம்பமாட்டேன். சிறுபோகத்துக்குக் கூட்டம் வைப்பார்கள். குளத்து நீர்மட்டத்தைச் சொல்லி, நீர்ப் பற்றாக்குறை, ஆகவே இத்தனை ஏக்கர்தான் விதைக்கலாம் என்பார்கள். சேனாநாயக்க சமுத்திரமே வற்றிக் கிடக்கும் வருடம் என்றால் ஒத்துக்கொள்ளலாம். அதே வருடம் வாய்க்கால் தலைப்பில் உள்ளவன் வரம்பு வழிய விட்டுவைத்திருப்பான், வாய்க்கால் கடைசியில் உள்ளவனின் வயல் வெடித்துக் கிடக்கும். தண்ணியைப் பங்கிடும் வட்டவிதானையிடம் கேட்டால் "பற்றாக்குறை நானா, என்ன செய்ய" என்பார். தண்ணி பற்றாததா, பங்கு பிழைத்ததா?

கஷ்டப் பிரதேச வாத்தி

நானா, எங்கள் கதையும் அதுதான். வாவிக்கு மேற்கே படுவான்கரையில் கணிதம், விஞ்ஞானம் படிப்பிக்க ஆள் இல்லை. அதற்கு "ஆளணிப் பற்றாக்குறை" என்று பெயர். அந்த ஆற்றைக் கடந்து கிழக்கே எழுவான்கரைக்கு வந்தால் ஒரே பாடசாலையில் ஒரே பாடத்துக்குத் தேவைக்கு மேல் ஆள் இருப்பதும் உண்டு. மொத்தத்தைக் கூட்டிப் பார்த்தால் பற்றும். பெற்றோர் கடிதம் எழுதினால் பற்றாக்குறை நிவர்த்தி செய்யப்படும் என்று பதில் வரும். யாரை எங்கிருந்து எடுத்து எங்கே போடுவது என்ற கேள்வி அதற்குள் வராது.

ஓய்வூதியர் 58

இரண்டு பேரும் சொல்லின் மேல் அளவுக்கு மிஞ்சிப் பாரம் ஏற்றுகிறீர்கள். பற்றாக்குறை என்பது பற்றவில்லை என்று மட்டும்தான் சொல்கிறது. பற்று என்றால் போதியதாதல், பற்றாது என்றால் போதாது, நாம் பேச்சில் சொல்லும் "பத்தாது" அதே சொல்தான். கடைப் பற்று, பற்றுவரவு என்பதில் வரும் பற்றோடு குழப்பக் கூடாது. பற்றாததற்குக் காரணம் யார் என்பதைச் சொல்வது அடுத்த வசனத்தின் வேலை. அடுத்த வசனத்தை எழுதாமல் விட்டுவிட்டுச் சொல்லைக் குறை சொன்னால் எப்படி?

சம்மாந்துறை நானா

எழுதுகிறவர்கள் அடுத்த வசனத்தை எழுதுவதில்லையே சேர். அதுதானே என் முறைப்பாடு.

மருதமுனைத் தறி

நானா 1, சேர் 1. 😀

அடையாறு ஆனந்தி

நெல் அடிக்கும் களவெட்டியில் குறை என்ற பேச்சே வரக்கூடாது என்று என் மாமனார் சொல்வார். நெல்லை அள்ளும்போது "பொலி பொலி" என்றுதான் சொல்ல வேண்டுமாம். எதிர்பார்த்தது வராவிட்டாலும் அப்படியா?

வெல்லாவெளிக்காரன்

அப்படித்தான் அக்கா. களத்தில் நெல்லுக்கே பொலி என்று பெயர், அள்ளும்போது சொல்வதும் பொலி. என் அப்பா ஒருமுறை 40 புசல் வரும் என்று நினைத்த ஏக்கரில் 22 புசலோடு நின்றார். களத்தில் வைத்து வாய் திறக்கவில்லை. வீட்டுக்கு வந்து கால் கழுவிப்போட்டு, மறுகாதான் "இந்தமுறை காணாது" என்றார். இப்போது மெசின் வெட்டி நேரே பையில் கொட்டுகிறது, களவெட்டியும் இல்லை. மெசின்காரன் வயலுக்குள் நின்றே "என்ன அண்ண, குறைஞ்சு போச்சே" என்று சத்தமாகக் கேட்கிறான்.

சரி, எல்லாரும் சொன்னதை வைத்து இப்படி எழுதியிருக்கிறேன். எண்கள் பொருளாளர் தந்ததும் போடுவேன்:

"எமது வயற்கண்டத்தில் இப்பெரும்போகத்தில் … ஏக்கரில் நெற்செய்கை பண்ணப்பட்டுள்ளது. இதற்கு 50 கிலோ கொண்ட … பை எம்.ஓ.பி. பசளை தேவை. இதுவரை … பைகள் கிடைத்துள்ளன. … பைகள் பற்றாக்குறையாக உள்ளன. பதிவு செய்த விவசாயிகளில் … பேரின் பெயர் பங்கீட்டுப் பட்டியலில் இடம்பெறாமையே இதற்குக் காரணம். அவர்களின் பெயர், ஏக்கர் விபரம் இத்துடன் இணைக்கப்பட்டுள்ளது."

சம்மாந்துறை நானா

இதுதான் கடிதம்! பட்டியலில் பெயர் விடுபட்ட கதையை ஏன் முதலிலேயே சொல்லவில்லை? நாங்கள் இவ்வளவு நேரம் உரத்தைத் தேடிக்கொண்டிருந்தோம், விடுபட்டது பெயர்.

களுதாவளை ரீச்சர்

"கிடைத்துள்ளன" என்பதோடு திகதியையும் சேருங்கள். எப்போது, எத்தனை பை என்று. தலைவர் கேட்ட சொல்லும் நிற்கிறது, பொருளாளர் கேட்ட கணக்கும் நிற்கிறது. உங்கள் தட்டுப்பாடு மட்டும்தான் போய்விட்டது, பரவாயில்லையா?

வெல்லாவெளிக்காரன்

போகட்டும் ரீச்சர். பசளை வந்தால் காணும்.

ஓய்வூதியர் 58

இரண்டு திருத்தம். "இடம்பெறாமையே" என்பதில் அந்த ஏகாரத்தை எடுத்துவிடுங்கள். குற்றம் சாட்டுகிற தொனி வந்தால் பதில் எழுதுகிறவர் தன்னைக் காப்பாற்றுவதிலேயே நிற்பார். கடைசியில் எந்தத் திகதிக்கு முன் பசளை தேவை என்பதையும், அதற்குப் பிறகு போட்டால் பயிருக்குப் பிரயோசனம் இல்லை என்பதையும் ஒரு வரி எழுதுங்கள். பிரதியொன்றில் "கிடைத்தது" என்று முத்திரை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். தபாலில் போட்டுவிட்டு இருந்துவிடாதீர்கள், கையோடு கொண்டுபோய்க் கொடுங்கள்.

வெல்லாவெளிக்காரன்

நன்றி சேர். திங்கட்கிழமை தலைவரும் நானும் போகிறோம். நானா, உங்கள் பக்கம் யாரிடமாவது பண்டி உரம் மிஞ்சிக் கிடக்கிறதா? கடிதத்துக்குப் பதில் வரும் வரைக்கும் கைமாற்றாக ஒரு பத்துப் பை கிடைத்தாலும் போதும், வந்ததும் திருப்பித் தருவோம்.

சம்மாந்துறை நானா

மச்சானிடம் கேட்டுவிட்டு இரவு சொல்கிறேன். அவன் நாலு ஏக்கர் விதைக்காமல் விட்டவன், இருக்கும். லொறிக் கூலி உங்கள் பக்கம்.